சாலையா, சாளையா

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் நாங்கள் பேசுகிற நாஞ்சில் நாட்டுத் தமிழ். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, ஆங்கில எழுத்தில் அடித்து ஃபோனில் அனுப்புவாள். நான் அதற்கு வாயால் பேசிப் பதில் அனுப்புவேன். இத்தனை வருஷம் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. போன மிதுன மாதம், தமிழுக்கு ஆனி, வந்தது.

அவள் கொச்சியில் கடல்மீனைப் பற்றி ஆராய்கிற ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மழைக்காலத்தில் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். நான் கடையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒரே மூச்சில் இரண்டு சங்கதி பேசி அனுப்பினேன். ஒன்று, அம்மா கேட்கச் சொன்னாள், இப்போது சாளை நிறைய வருகிறது, நீ வரும் அன்றைக்குச் சாளை வாங்கி வைக்கட்டுமா. இரண்டாவது, பக்கத்துக் கடை அரிசி வியாபாரி நம் கடையைக் கேட்கிறார், நீ சாலைக்கு வந்து இதைப் பார்த்துக்கொள்வாயா மாட்டாயா, மிதுனம் கழிந்தால் நான் அவருக்கு ஒரு வாக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு கேள்வியையும் தனித்தனியாக அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மத்தியானம் பதில் வந்தது. படித்தால் இப்படி ஒலிக்கும்: "அப்பா, சால வேண்டா. வந்நிட்டுப் பறயாம்." வந்துவிட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். அது சரி, எது வேண்டாம்?

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டும். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கடைவீதிக்குச் சாலை என்று பேர். எங்கள் கடை நியாயப்படி ஆரியசாலையில் இருக்கிறது. ஆனாலும் என் அப்பா காலத்திலிருந்து வீட்டில் "சாலைக்குப் போறேன்" என்றுதான் சொல்வோம். சாலை என்றால் எங்களுக்குக் கடை. சாளை என்பது மீன். வடக்கே மத்தி என்பார்கள், இங்கே சாளை. ஒன்றுக்கு ல, மற்றதற்கு ள. வாயால் சொன்னால் பச்சைப்பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

வேண்டாம் என்றது மீனை என்றால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நெத்தோலி வாங்கிவிட்டுப் போகிறேன். கடையை என்றால், என் அப்பா உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன், எனக்குப் பிறகு அங்கே அரிசி மூட்டை உட்காரும் என்று அர்த்தம். ஒரே பிள்ளை அவள். எனக்கு முட்டியும் போய்விட்டது, நெஞ்சுக்கும் மாத்திரை தின்கிறேன்.

"மீனைத்தான் சொல்லுகா," என்றாள் என் மனைவி. தேங்காய் துருவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "கொச்சிக்குப் போன பொறவு மீனைப் பத்தி ஒரு பாட்டம் பேசாம அவளுக்குச் சோறு இறங்குமா?"

"கடையைச் சொல்லியிருந்தா?"

"கடையைச் சொல்லியிருந்தா கடைன்னு எழுதியிருப்பா. உங்களுக்கு எப்பமும் அந்தப் பிண்ணாக்கு நெனப்பாக்கும். சந்தேகம்னா கூப்பிட்டுக் கேளுங்களேன்."

கேட்கலாம். ஃபோன் கையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், துடைத்தேன், திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

எங்கள் கடை பிண்ணாக்குக் கடை. பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, உளுந்தந்தூசி, எல்லாம் மாட்டுத் தீனி. என் அப்பா காலத்தில் இந்த ஊரில் தெருவுக்கு நாலு மாடு இருந்தது. எனக்குக் கடை வந்தபோது மாடெல்லாம் போய், வீட்டுக்கு இரண்டு கார் வந்திருந்தது. கடையை மூடிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சமயம் கொரோனா வந்தது. ஜனங்கள் வீட்டோடு அடைந்து கிடந்தார்கள், வளைகுடாவில் வேலை போனவர்கள் திரும்பி வந்தார்கள், என்ன தோன்றியதோ எல்லோரும் முற்றத்தில் மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். நீலத் தார்ப்பாயில் வட்டமாக ஒரு தொட்டி, அதில் காற்றுக் குழாய், உள்ளே திலாப்பியா. அதற்குத் தீவனம் வேண்டுமே. நான் மூட்டை மூட்டையாக இறக்கினேன். மாடு விட்ட கடையை மீன் பிடித்து நிறுத்தியது என்று நானே எல்லோரிடமும் சொல்வேன்.

மகள் அப்போது மீனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கடையில் மீன் தீவனம், வீட்டில் மீன் படித்த பிள்ளை, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் என்று நினைத்தேன். யாராவது தீவனத்தில் சந்தேகம் கேட்டால், "கொஞ்ச நாள் பொறுங்க, என் மக வந்திருவா, அவகிட்ட கேளுங்க," என்பேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

போன கிறிஸ்துமஸ் லீவில் அவள் கடைக்கு வந்தாள். புதுச் சரக்கு இறங்கியிருந்தது. பிரித்திருந்த ஒரு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன மக்ளே, நாறுதா?"

"இது எந்த மணம்னு தெரியுதா அப்பா?"

மோந்து பார்த்தேன். முப்பது வருஷமாகப் பிண்ணாக்கு மோந்த மூக்கு. "கருவாட்டு மணம்," என்றேன்.

"சாளை," என்றாள். "சாளையும், அதுமாதிரி சின்ன மீனும். கடல்ல பிடிச்சு, வேகவெச்சு, எண்ணெய பிழிஞ்சு எடுத்துட்டு மிச்சத்தைப் பொடிக்கிறது. அந்தப் பொடிதான் இதுல இருக்கு. நீங்க மீனுக்கு மீனைத்தான் விக்கறீங்க."

"மீனை மீன் தின்னும். அது உலக வழக்கம்தானே."

"கடல்ல தின்னா வழக்கம். சாக்குல கெட்டி லாரில கொண்டு வந்தா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடையில் ஆள் நிற்கும்போது தீவனத்தைப் பற்றி இப்படிப் பேசினால் எந்த அப்பனுக்குத்தான் வராது. "அப்ப யாருமே மீன் வளர்க்கக் கூடாதுங்கியா?"

"அப்படி நான் சொல்லல. கட்லா மாதிரி தவிடும் பிண்ணாக்கும் தின்னு வளர்ற மீன் உண்டு, அது குழப்பமில்ல. சிப்பி வளர்த்தா இன்னும் குழப்பமில்ல, அதுக்குத் தீவனமே வேண்டாம், தண்ணியில உள்ளதை அரிச்சுத் தின்னுக்கும்."

"தீவனமே வேண்டாம்னா நான் என்னத்தை மக்ளே விக்கது?"

அதற்கு அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சாயா குடிக்கப் போகலாமா என்று கேட்டாள். மலையாளத்தில் குழப்பமில்லை என்றால் பரவாயில்லை, தொந்தரவில்லை என்று பொருள். அவள் குழப்பமில்லை என்று சொல்கிற இடத்தில்தான் எனக்குக் குழப்பம் தொடங்கும். மற்ற நாளெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்காமலே எல்லோரும் எனக்கு மீனைப் பற்றிச் சொல்லித்தரத் தொடங்கினார்கள். நெஞ்சு டாக்டர் இறைச்சியை விடச் சொன்னார். மீன் தின்னுங்கள், அதிலும் சாளை இதயத்துக்கு ரொம்ப நல்லது என்றார். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டால், சாளை கடலில் குறைந்துகொண்டே வருகிறது, தண்ணீர் சூடாகிறது, குஞ்சைப் பிடிக்கிறார்கள் என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் அதே டி.வி.யில், சாளை கரை கொள்ளாமல் வந்திருக்கிறது, வாங்க ஆளில்லை என்றார்கள். இருக்கிறதா இல்லையா? தின்றால் எனக்கு நல்லது, மீனுக்குக் கெட்டது. தின்னாவிட்டால் மீன் பிழைக்கும், நான்? இதற்கெல்லாம் ஒருத்தன் எங்கே போய்ப் பதில் கேட்பான்?

தீவனம் வாங்குகிற ஒருவர் இருக்கிறார், வளைகுடாவில் இருந்து திரும்பியவர், நல்ல மனிதர். என் மகள் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் சண்டைக்கு வந்துவிட்டார். "கடலைக் காப்பாத்தறது ஞங்ஙளாக்கும் அண்ணாச்சி. நாங்க வளர்க்கற மீனை ஆளுங்க தின்னா, கடல் மீன் அத்தனை மிச்சம்தானே?" கேட்கும்போது அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவருக்குத் தலையாட்டினேன். மகள் பேசும்போதும் தலையாட்டித்தானே வந்தேன், என் தலைக்கு வேறென்ன வேலை.

அந்த மனிதர் வீட்டில் ஒருநாள் கரண்ட் போய், காற்றுக் குழாய் நின்று, தொட்டி முழுக்க மீன் செத்துப்போயிற்று. துக்கம் விசாரிக்கிற மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மீனை அள்ளிப் புதைத்துவிட்டிருந்தார். தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பின்பக்கத்து ஓடையில், இங்கே தோடு என்போம், திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் கரும்பச்சையாக, கெட்டியாக ஓடியது. அதில் என் கடைத் தீவனத்தின் மணம் வந்தது. கீழே அந்தத் தோட்டில்தான் யாரோ துணி துவைப்பார்கள், யாருடைய தென்னைக்கோ அந்தத் தண்ணீர்தான் போகும். பிழைப்புப் போன மனிதனிடம் தண்ணீரைப் பற்றி எப்படிக் கேட்பது?

தீவனத்தை விட்டுவிட்டால் மகள் வருவாளோ என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் தீவனத்தை விட்டால் கடையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் தவிடும் ஒரு நாற்காலியும். அதற்கு ஒரு படித்த பிள்ளை கொச்சியில் இருந்து வரவேண்டாம். கடை இருந்தால் அவள் வரமாட்டாள், அவள் வருவதற்குக் கடை இருக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தக் கணக்கு எனக்கு உதைத்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த 'சால வேண்டா' வந்தது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமை. அரிசி வியாபாரி வேறு காலையில் கடை திறக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். அவர் சாதாரணமாகச் சிரிப்பதுகூட எனக்கு அளவெடுக்கிற மாதிரி தெரிந்தது.

கடைசியில் சாமியிடம் காட்டினேன். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், பென்ஷன் வாங்குகிறவர், தன் வீட்டு மல்லிகைச் சட்டிகளுக்குக் கடலைப்பிண்ணாக்கு வாங்க என் கடைக்கு வருவார். வந்தால் பேப்பர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போவார். மீன் என்கிற சொல்லைக்கூட நாக்கு நுனியில்தான் வைத்துச் சொல்வார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் ஃபோனை எட்டப் பிடித்து வாசித்தார்.

"வேண்டாங்கறது ஸ்பஷ்டமா இருக்கு, பிள்ளைவாள். எது வேண்டாங்கறதுதான் இல்லை."

"அது எனக்கும் தெரியுது சாமி."

"இங்கிலீஷ்காரனுக்கு ல, ள, ழ எல்லாம் ஒண்ணுதான் ஓய். கொழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லிருவாளே."

சாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் பெண்கள் உண்டு, ஒருத்தியும் இந்த ஊரில் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ மீனைக் கேளும்," என்றார்.

"மீனையா?"

"வர்றாளோல்லியோ, அன்னிக்கு அதையே பண்ணிப் போடச் சொல்லும். அவ தொடலைன்னா, வேண்டாம்னு சொன்னது மீனைத்தான். கடைக்கு ஒண்ணும் வரலை. எடுத்துச் சாப்பிட்டாள்னா..."

"சாப்பிட்டா?"

"பெருமாளே," என்று சொல்லிக்கொண்டு பிண்ணாக்குப் பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்தார். "இதுக்குத்தான் சொல்றது, மனுஷன் வெண்டைக்காயோட நிறுத்திக்கணும்னு."

அவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. யோசிக்க யோசிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றியது. ஒரு கேள்வியும் கேட்கவேண்டாம், யார் மனசும் நோகவேண்டாம், சோறு தின்கிற நேரத்துக்குள் தெரிந்துவிடும். மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு மறை கழண்டுதான் போச்சு," என்றாள். ஆனால் சாளை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் உள்ளூரத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று இருந்திருக்கும்.

மகள் வருகிற அன்று காலையில் நானே மீன் வாங்கப் போனேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெருமுக்கில் ஒரு அக்கா அலுமினியச் சருவத்தில் மீன் வைத்துக்கொண்டு, மேலே ஒரு பெரிய குடையை நட்டு உட்கார்ந்திருப்பாள். கடற்கரைக்காரி. எங்கள் வீட்டுக்குப் பல வருஷமாக அவள்தான் மீன் தருகிறாள். இந்த மாதத்தில் பெரிய போட்டுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை உண்டு, சின்ன வள்ளக்காரர்கள் பிடிக்கிற சாளைதான் வரும். அன்றைக்கு இரண்டு வகை வைத்திருந்தாள். ஒரு பக்கம் உள்ளங்கை நீளத்துக்கு நெய் வைத்த பெரிய சாளை. இன்னொரு பக்கம் விரல் நீளம்கூட இல்லாத பொடிசு.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பெரிய சாளையைப் பார்த்தால் யாருக்கும் கை போகும். குஞ்சு மீனைக் கண்டால் என் மகளுக்கு ஆகவே ஆகாது. குஞ்சைப் பிடிப்பதைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் ஆறின சோற்றைத்தான் எல்லோரும் தின்னவேண்டும். பொடிசை வாங்கிக்கொண்டு போனால் நிச்சயமாகத் தொடமாட்டாள்.

"அந்தச் சின்னதைப் போடு," என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ மொதலாளி, இது குஞ்ஞல்லே? இத ஆரும் கறிக்கு வாங்கூல. கம்பெனிக்காரன் லாரி வரும், பொடிக்கக் கொண்டுபோவும். பெருசு எடுத்தோ, மோளு வருவில்லே இன்னு?"

"மோளுக்குத்தான் வாங்குறேன். இதையே போடு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அள்ளிப் போட்டாள். பையோடு நடந்து வரும்போதுதான் அவள் சொன்ன லாரி எனக்கு உறைத்தது. நான் வாங்காவிட்டால் இந்தக் குஞ்சு பொடியாகி, சாக்கில் ஏறி, சுற்றிக்கொண்டு என் கடைக்குத்தான் வந்திருக்கும். எப்படியானாலும் என்னிடம்தான் வருமா என்று நினைத்தேன். இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று புரியவில்லை.

பையைப் பிரித்ததும் மனைவி சட்டியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து சத்தம் வந்தது. "பொன்னுபோல பிள்ளை வாறா, அவளுக்கு வாங்கிட்டு வந்த மீனைப் பாரு. இதை ஆஞ்சு முடிக்கதுக்குள்ள என் நகமெல்லாம் போயிரும். பெருசு கிடைக்கலியா ஊருல?"

"கிடைச்சுது."

"பொறவு?"

நான் உள்ளே போகத் திரும்பினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கத்திச் சத்தம் நின்று, திரும்பத் தொடங்கியது. "அவ தின்னா என்ன, தின்னாட்டி என்ன. உங்க மக இல்லாமப் போயிருவாளா?" என்று மட்டும் சொன்னாள்.

மகள் வந்தபோது மழை திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பலாக நனைந்து, பையை நடுவீட்டில் போட்டுவிட்டு, "அப்பா, இளைச்சுப் போய்ட்டீங்க," என்றாள். குளித்துவிட்டு வந்தாள். நான் கடைக்குப் போகாமல் அவளைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன். ரயிலைப் பற்றிப் பேசினாள், கொச்சியில் மழையைப் பற்றிப் பேசினாள். 'வந்துவிட்டுச் சொல்கிறேன்' என்றதை மட்டும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மரச்சீனிக் கிழங்கு மசித்தது, சோறு, புளிமுளக் குழம்பு, ரசம். நடுவில் ஒரு தட்டு நிறையச் சாளை. மனைவி மிளகும் மஞ்சளும் அரைத்துப் புரட்டி மொறுமொறுவென்று வறுத்திருந்தாள். என்ன கோபம் இருந்தாலும் அவள் கைப்பக்குவம் மாறாது. எனக்கு அந்த மணமே அன்றைக்குப் பயமாக இருந்தது. ஒரு அப்பன் தன் பிள்ளை ஆசையாகத் தின்னவேண்டும் என்றுதான் சாமி கும்பிடுவான். நான் தின்னக் கூடாது என்று கும்பிட்டேன்.

மகள் தட்டைப் பார்த்தாள். கை நின்றது.

"இது யாரு வாங்கினா?"

"உங்க அப்பாவாக்கும்," என்றாள் மனைவி.

"இது குஞ்சாச்சே அப்பா. ஒரு தடவ முட்டைகூட இட்டிருக்காது. இதைப் பிடிக்கவே கூடாது தெரியுமா?"

என் வயிற்றில் பாலை வார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது, மீனைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் எத்தனை நாள் வீணாகக் கிடந்து வெந்தேன். "அப்ப வேண்டாம் மக்ளே, வெச்சிரு," என்றேன். குரல் தேவைக்கு மேலேயே சந்தோஷமாக வந்துவிட்டது. "ரசம் இருக்கு, முட்டை பொரிக்கச் சொல்லுகேன். ஏட்டி, ஒரு முட்டை..."

"முட்டை எதுக்கு?" என்றாள் மகள். "கொன்னாச்சு, வாங்கியாச்சு, அம்மா நகம் போக ஆஞ்சு பொரிச்சும் ஆச்சு. இனி களையறதுதான் பாவம்."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தாள். தலையைக்கூடக் கிள்ளாமல் முழுசாக வாயில் போட்டு மென்றாள். கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. சின்னப் பிள்ளையில் தின்கிற மாதிரியே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தின்றாள்.

"அடிபொளியா இருக்கும்மா. கொச்சியில இந்தப் பக்குவம் ஒருத்தருக்கும் வராது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மனுஷன் தின்னா குழப்பமில்லப்பா. எனக்கு எப்பவும் சாளைதான் இஷ்டம். இதை அரைச்சு, சாக்குல கெட்டி, இன்னொரு மீனுக்குப் போடறதைத்தான் என்னால பாத்துட்டு நிக்க முடியல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குப் பதில் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வாயில் 'குழப்பமில்ல' என்ற வார்த்தை வந்து எனக்குக் குழப்பம் தீர்ந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அவள் சொல்வது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வளைகுடா மனிதர் சொன்னதும் தப்பில்லை, டாக்டர் சொன்னதும் தப்பில்லை. தோட்டில் ஓடின அந்தப் பச்சைத் தண்ணீரும் பொய்யில்லை. எல்லாமே சரி என்றால் ஒருத்தன் எதை விற்பது, எதைத் தின்பது? அதையெல்லாம் யோசிக்க அந்த நேரத்தில் எனக்குத் தெம்பில்லை. சாலையில் என் அப்பாவின் நாற்காலி மட்டும் கண்ணில் நின்றது. எனக்கு அழுகை வந்தது. புளிமுளத்தில் காரம் கூடிப்போயிற்று என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். 'நான் அப்பமே சொன்னேன்' என்று அவள் சொல்லவில்லை, அவள் சொன்னதும் தப்பாகப் போயிருந்தது. தட்டில் இருந்து இரண்டு சாளையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள். மகளுக்கும் வைக்கப் போனாள்.

"மதிம்மா, போதும்," என்று மகள் கையை மறித்தாள். பிறகு விரலைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பா, அந்தக் கடை விஷயம். நான் வந்துட்டு பறயாம்னு..." என்று தொடங்கினாள்.

"தின்னு முடி மக்ளே," என்றேன். "முள்ளு பாத்துத் தின்னு."